ஒரு வாரம் பழசான பட்டியல் பற்றி சர்வர் அறைக்காரர் சொன்னது

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். வயது ஐம்பத்தெட்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்தால், அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை என்று வாசல் காவலாளி சத்தியம் செய்வார். அங்கே தரைத்தளம் முதல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை நான் சித்தப்பா. என்னைவிட மூத்தவரான சர்ஜன்கூட சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார். தொழில், டேட்டாபேஸ் பராமரிப்பு. மனைவி உண்டு, பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி, லிஃப்ட் மெக்கானிக். இறந்துபோன இளைஞரின் தகப்பனார் கொடுத்த புகாரின் பேரில், தானமாகக் கொடுக்கப்பட்ட அவர் மகனுடைய கல்லீரல் யாருக்கும் பொருத்தப்படாமல் வீணானது எப்படி என்று ஆய்வாளர் ஐயா கேட்டதற்கு, எவருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

மேற்படி ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் உறுப்பு ஒதுக்கீட்டுப் பிரிவு இருக்கிறது. தானமாக வரும் உறுப்பு எந்த நோயாளிக்குப் போக வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. முன்பு அதை மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது வந்த உறுப்பெல்லாம் பெரிய இடத்து மச்சினன்மார்களுக்கே அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திக்கொண்டிருந்ததால் ஊர் சிரித்தது. அதன் பின்னர் மனிதர்களை நம்புவதில்லை என்று முடிவாகி, பொறுப்பை டேட்டாபேஸிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை அவ்வப்போது ஏற்றுவார்கள். எவருடைய நிலைமை அதிக மோசமோ அவருக்கு மதிப்பெண் அதிகம். மதிப்பெண் கூடக் கூட வீட்டில் அழுவது உலகத்திலேயே இந்த ஒரு பரீட்சைக்குத்தான். திரையில் எண் மட்டும் தெரியும், பெயர் தெரியாது. முதலிடத்தில் இருக்கும் எண்ணுக்கு சர்வர் ஒரு ஒதுக்கீட்டுச் சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டு கைக்கு வராமல் சர்ஜன் கத்தியைத் தொட்டால் அவருடைய தொழில் அன்றோடு முடிந்தது.

அந்த சர்வர் நின்றால் ஓட வைப்பதும், ஓடினால் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. சர்வர் அறை ஒரு குளியலறை அளவுதான் என்றாலும் அதற்குள் நான் சக்கரவர்த்தி. அந்த அறைக் குளிரில் ஒரு பனிக்கரடியை விட்டால், அரை மணியில் கம்பளி கேட்டுக் கதவைத் தட்டும். (பனிக்கரடி வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று ஆய்வாளர் ஐயா சொன்னார். ஒப்புக்கொள்கிறேன்.)

சம்பவ நாளன்று காலை நான் வேலைக்கு வந்து, பையை வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருங்கிணைப்பாளர் அம்மா ஓடி வந்தார். நோயாளிக்கும் சர்ஜனுக்கும் போன் போட்டு எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பவர் அவர். "சித்தப்பா, திரை அப்படியே நிக்குது. எதை அமுக்கினாலும் ஒரு வட்டம் சுத்துது. அது சுத்தறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியதை நான் வரிசை மாறாமல் செய்வேன், எடுத்ததும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிற ஜாதி நானில்லை. முதலில் அவருக்கு மட்டும் நிற்கிறதா, எல்லோருக்குமா என்று பார்த்தேன். எல்லோருக்கும் நின்றது. அதன் பின்னர் ஒயர் செருகியிருக்கிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் பாதி மகாவியாதிகள் துடைப்பக்கட்டை இடித்து ஒயர் கழன்றதால் வருபவை. ஒயர் செருகித்தான் இருந்தது. அதன் பின்னர், ஒருவர் திறந்த பதிவுக்காக இன்னொருவரும், அவர் திறந்ததற்காக இவரும், வாசலில் "நீங்க முதல்ல போங்க", "சேச்சே, நீங்க முதல்ல" என்று நிற்கும் சம்பந்திகள் மாதிரி எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்க்கப் போனேன். பார்ப்பதற்கு என்னை உள்ளேயே விடவில்லை. டேட்டாபேஸே ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பின்னர் அதைக் கிளப்பிப் பார்த்தேன். கிளம்பவில்லை. பிழைச் செய்தியைப் படித்தேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்று முதல் வரி. அதற்கு மருந்து உண்டு. லாக் ஃபைல்களைக் காணவில்லை என்று இரண்டாவது வரி. அதைப் படித்ததும், துடைத்த கண்ணாடியைக் கழற்றித் திரும்பவும் துடைத்தேன்.

லாக் ஃபைல் என்றால் என்ன என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். டேட்டாபேஸ் முழுவதையும் வாரம் ஒருமுறைதான் பேக்கப் எடுப்போம். நடுவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், எந்த எண்ணின் மதிப்பெண் எதிலிருந்து எதுவாக மாறியது என்று, நடந்த வரிசையிலேயே சர்வர் லாக் ஃபைல்களில் எழுதிக்கொண்டு போகும். ஆபத்து வந்தால் பழைய பேக்கப்பை வைத்து, அதன் மேல் லாக்கை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினால், டேட்டாபேஸ் விழுவதற்கு முந்தின நிமிடத்துக்கு வந்து நிற்கும். லாக் இல்லாவிட்டால் போன வாரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த ஒரு வாரத்தில் யார் எவ்வளவு மோசமானார்கள் என்பது சர்வருக்குத் தெரியாது.

அதன் பின்னர் மேலாளர் அறைக்குப் போனேன், ஏனென்றால் என்னைத் தவிர அந்த டிஸ்க்கில் கை வைக்க அனுமதி உள்ளவர் அவர் ஒருவர்தான். முந்தின நாள் மாலை அவர் புதுக் கட்டடத் திறப்பு விழாப் படத்தை சர்வரில் ஏற்றியிருந்தார். ரிப்பன் வெட்டுவதை நாலு மூலையிலிருந்தும் வானத்திலிருந்தும் எடுத்த படம். பூமி உருண்டை உருவானதை யாராவது படம் பிடித்திருந்தால் அதுகூட இதைவிடச் சின்ன ஃபைலாகத்தான் இருந்திருக்கும்.

"உங்க சர்வர்லதான் இடம் தாராளமா இருந்துச்சு, பத்திரமா இருக்கட்டுமேன்னு போட்டேன்" என்றார்.

"லாக் ஃபைலெல்லாம் எங்க சார்?"

"அதுவா? படம் ஏறினதும் டிஸ்க் ஃபுல்னு சிவப்பா காட்டிச்சு. லாக், லாக்னு பேர் போட்டு எறும்பு மாதிரி வரிசையாக் கிடந்துச்சு. குப்பைதானேன்னு தூக்கிட்டேன். நீங்க செய்ய வேண்டிய வேலை சித்தப்பா, நான் செஞ்சிருக்கேன்."

"அழிச்சதெல்லாம் குப்பைத் தொட்டிலயாவது கிடக்கா?"

"அதையும் காலி பண்ணிட்டேன். எதையும் பாதில விடுற ஆள் நானில்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணத்தில் செய்பவர்கள் இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற ஆள். எனவே ஒவ்வொரு லாக் ஃபைலும் எழுதி முடிந்ததும் அதன் நகல் ஒன்று பின்கட்டில் பழைய சலவைக் கொட்டகையில் இருக்கும் ஒரு மெஷினுக்குப் போகும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தேன். அந்த மெஷினுக்கு இருந்த வயதுக்கு அது ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டியது. நகல் பத்திரமாக இருந்தது. ஆனால் அங்கிருந்து ஃபைல்களைத் திருப்பிக் கொண்டுவருவது, கடலை மூக்குப்பொடி டப்பாவில் மொண்டு இன்னொரு கடலில் ஊற்றுகிற வேலை. அதன் பின்னர் திறப்பு விழாவை டிஸ்க்கிலிருந்து வெளியேற்றினேன், போன வார பேக்கப்பை வைத்தேன், சலவைக் கொட்டகையிலிருந்து லாக்கை இழுக்க ஆரம்பித்தேன். இதெல்லாம் முடிய மாலையாகும் என்று மேலாளரிடம் சொன்னேன். "ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவர் அப்படிச் சொல்லி வாயை மூடும்போது ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் போன் அடித்தது.

வேறொரு ஆஸ்பத்திரியில், மாடிப்படியிலிருந்து விழுந்து மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞரின் கல்லீரல். முதலில் வேறு மண்டலத்து நோயாளி ஒருவருக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்குக் காய்ச்சல் வந்து, பொருந்துகிற வேறு ஆளும் எந்த மண்டலத்திலும் கிடைக்காததால் எங்கள் பட்டியலுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். வெட்டி எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, வண்டி ஏற்றியாகிவிட்டது. கல்லீரல் சிறுநீரகம் மாதிரி பொறுமைசாலி இல்லை. பெட்டியில் அரை நாள் தாங்கினால் பெரிய விஷயம், அதிலும் ஒரு பங்கு ஏற்கெனவே வழியில் செலவாகியிருந்தது.

அதன் பின்னர் மேலாளர் எங்களுடைய அறைக்கே வந்து, இருக்கிறதையாவது காட்டும்படி சொன்னதால், போன வார நிலையில் இருந்த டேட்டாபேஸைப் பார்க்க மட்டும் திறந்தேன். ஒருங்கிணைப்பாளர் அம்மா கல்லீரல் பட்டியலை எடுத்தார். ரத்த வகைக்கு ஏற்றபடி வரிசை வந்தது. முதலிடத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். என் மனைவியின் பிறந்த நாள் எனக்கு ஒரு வருடமும் நினைவிருந்ததில்லை. என் சொந்த போன் நம்பரை யாராவது கேட்டால் போனைத்தான் பார்ப்பேன். அந்த எண் மட்டும் எனக்கு மனப்பாடம். அது என் தம்பி.

என் தம்பி ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. ரத்தத்தில் பரவும் ஒரு கிருமி அவன் ஈரலைத் தின்றது. இருந்தாலும் பார்க்க வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "இனிமேலாவது விட்டுடுப்பா" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். குடிக்காமலே குடிகாரப் பட்டம் வாங்கியவன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவனை அங்கே பதிவு செய்தபோதே மேலாளரிடம் வாயால் சொல்லியிருந்தேன். அவர் அதை அப்போதே மறந்துவிட்டார்.

"வந்துடுச்சுல்ல, சீட்டு குடுங்க" என்றார் மேலாளர்.

"சார், இது போன வாரப் பட்டியல். இந்த வாரம் யாருக்கு என்ன ஏறிச்சு, எறங்கிச்சுன்னு இதுல இல்ல. இதுல சீட்டு குடுக்கணும்னா 'இவ்வளவுதான், இதுதான் முடிவு'ன்னு சொல்லி சர்வரத் திறக்கணும். அப்படித் திறந்துட்டா அப்புறம் லாக்க அது மேல ஓட்ட முடியாது."

"ஒரு வாரத்துல என்ன பெருசா மாறிடப் போகுது?"

"ஒரு வாரத்துல ஆளே மாறிடுவாங்க சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. அவர் அந்த வாரம் முழுக்க விடுப்பில் இருந்தவர். அதனால் அவருக்கும் எதுவும் தெரியாது.

அதன் பின்னர் மேலாளர், சீட்டு பிறகு, முதல் எண்ணை இப்போதே வரச் சொல்லலாம், வந்து தயாராகக் கிடக்கட்டும் என்று உத்தரவிட்டார். ஒருங்கிணைப்பாளர் அம்மா தன் நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டார். "உடனே கிளம்பி வாங்க, வாய்ல ஒண்ணும் போடாதீங்க" என்றார். மறுமுனையில் பேசியது என் தம்பி மனைவி. ரிசீவரை வைத்த பின்னும் அவள் அழுதது அறையில் நின்றது. சந்தோஷத்தில் அழுவதும் மற்ற அழுகையும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். திரையில் இருப்பது எண், பெயர் இல்லை. மேலாளர் இன்னும் ஒருமுறை அதட்டியிருப்பார், நான் திறந்திருப்பேன், சீட்டு வந்திருக்கும். அதன் பின்னர் நான் சொன்னேன்: "சார், அந்த முதல் எண் என் தம்பி."

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார். "இத ஏன்யா இப்பச் சொன்னீங்க?" என்றார். பத்து வருடத்தில் அவர் என்னைச் சித்தப்பா என்று சொல்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான்.

"லாக்க அழிச்சது நீங்க. பேக்கப் வெச்சது நான். பழைய பட்டியல்ல மொதல்ல நிக்கிறது என் தம்பி. வெளில இருந்து பாக்குறவனுக்கு இது எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்க."

அதன் பின்னர் அவர் மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடத்திலிருந்து, முழுப் பட்டியல் வராமல் சீட்டு கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கொடுத்தவர்தான் பொறுப்பு என்று பதில் வந்தது. அதை எழுத்தில் கேட்டார். எழுத்திலும் வந்தது. அன்று வேகமாக வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

நான் அப்படிச் சொன்னது நேர்மையாலா, பயத்தாலா என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். பட்டியலில் இன்னும் யாரோ ஒருவர் என் தம்பியைவிட மோசமாக ஏதோ ஒரு கட்டிலில் கிடக்கலாம், அவருக்கும் ஒரு அண்ணன் இருக்கலாம் என்று நினைத்தது உண்மை. நாளைக்கு என் கையில் விலங்கு மாட்டுவார்கள் என்று நினைத்ததும் உண்மை. எது முன்னால் வந்தது என்று கேட்டால், எனக்குள் அதற்கு லாக் ஃபைல் இல்லை. தம்பி மேல் ஏதாவது பகை உண்டா என்றும் கேட்டார். உண்டு. சின்ன வயதில் என் சைக்கிளைக் கழற்றி மறுபடி மாட்டத் தெரியாமல் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தான். அதைத் தவிர வேறில்லை.

அதன் பின்னர் லாக் ஃபைல்கள் வந்து சேர்ந்து ஓட ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகத்தான் ஓடும். "நடுவுல இருக்கிறத விட்டுட்டுக் கடைசி ஃபைல மட்டும் போட்டா என்ன?" என்றார் மேலாளர். குழந்தை பிறந்ததும் நேராகக் கல்யாண மேடையில் உட்கார வைக்க முடியாதது போலத்தான் இதுவும் என்றேன். திரையில் ஒரு நீலப் பட்டை நகரும், பக்கத்தில் 'இன்னும் சற்று நேரம்' என்று வரும். அந்தப் பட்டை மாதிரி ஒரு பொய்யன் மூவுலகிலும் கிடையாது. தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை குதிரை மாதிரி வந்துவிட்டு, அங்கே போர்வை விரித்துப் படுத்துக்கொள்ளும். அதன் பின்னர் அடுத்த ஃபைல். மறுபடியும் பூஜ்யத்திலிருந்து.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி வந்துவிட்டது. சர்ஜன் மாடிக்கு வந்து பனிக்கட்டி மாற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வந்தபோது நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது முறை வந்து, "சித்தப்பா, பெட்டிய எவ்வளவு தடவ மாத்தினாலும் உள்ள இருக்கறத மாத்த முடியாது" என்றார். நான் "தெரியும் டாக்டர்" என்றேன்.

தம்பியைத் தரைத்தளத்தில் பச்சை அங்கி மாட்டித் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். லாக் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்தேன். கண் மஞ்சள், நகம் மஞ்சள், பல் மட்டும் வெள்ளை.

"என்னண்ணே, உன் மெஷின் என் ஈரலவிட மோசமா இருக்காமே?"

"அதுக்கு மாத்து வெச்சிருக்கேன்டா. வந்துகிட்டிருக்கு."

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள மாட்டுனவன்கிட்ட நாங்களும் அதத்தான் சொல்வோம்" என்றான்.

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்தில் சலைன் பாட்டிலைச் சரி செய்துகொண்டிருந்த நர்ஸ் எங்கள் இருவரையும் திட்டினார்.

அதன் பின்னர் நான் மேலே வந்த சற்று நேரத்தில் தம்பி மனைவி படியேறி வந்தாள். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதற்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை. விஷயம் அவளுக்கு எப்படியோ எட்டியிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, மொதல்ல இவர் நம்பர்தான் வந்துச்சாமே?"

"வந்துச்சும்மா. ஆனா அது பழைய பட்டியல்."

"பட்டியல்தானே பழசு? உங்க தம்பி ஒண்ணும் பழசாகிடலயே."

"கொஞ்சம் பொறும்மா. புதுசு வந்துடும்."

"புதுசுலயும் இவர் மொதல்ல இல்லன்னா என்ன பண்ணுவீங்க? உங்க வாயால ஒரு சரி சொல்லுங்க மாமா, போதும். இவ்வளவு நாளும் எல்லாத்துக்கும் மலைய முழுங்குன மாதிரி பேசுவீங்களே, இப்ப ஒரு வார்த்த பேசுங்க."

நான் பேசவில்லை. பேசியிருந்தாலும் மேலிடத்து எழுத்து வந்துவிட்ட பிறகு பயன் இல்லை. அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் பேசவில்லை.

மாலையில் கடைசி ஃபைலும் ஓடி முடிந்தது. மேலாளர், ஒருங்கிணைப்பாளர் அம்மா, சர்ஜன் மூவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். டேட்டாபேஸைத் திறந்தேன். கல்லீரல் பட்டியலை எடுத்தோம். இரண்டாம் இடத்து எண் மாறியிருந்தது. மூன்றாம் இடத்து எண் மாறியிருந்தது. அதற்குக் கீழே மேலும் கீழுமாகப் பலர் ஏறி இறங்கியிருந்தார்கள், புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள், இரண்டு எண்கள் இல்லாமலே போயிருந்தன. முதலிடத்து எண் மட்டும் மாறவில்லை. என் தம்பியின் மதிப்பெண் அந்த வாரத்தில் இன்னும் கூடியிருந்தது.

ஒருங்கிணைப்பாளர் அம்மா "சித்தப்பா!" என்று கத்தி என் தோளில் அடித்தார். சீட்டை அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்காமல் படியில் ஓடினார். சர்ஜன் ஓடவில்லை. அவர் லிஃப்டுக்குக் காத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பின்னர் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, ஒருங்கிணைப்பாளர் அம்மா சொல்லக் கேட்டது. சர்ஜன் பெட்டியைத் திறந்து, கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்த்து, நுனியில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்ததும் மூடியை வைத்துவிட்டார். வைத்தால் ஓடாது, ஓடாததை வைத்தால் ஆள் மேசையிலேயே போய்விடுவான் என்று தம்பி மனைவியிடம் சொன்னார். தம்பி பச்சை அங்கியைக் கழற்றிச் சட்டையை மாட்டிக்கொண்டான். பட்டன் போட அவனுக்கு நெடுநேரம் ஆனது.

மறுநாள் காலை, இறந்த இளைஞரின் தகப்பனார் எங்கள் மாடிக்கு வந்தார். அவர் இப்போது புகார்தாரர். பொருத்திக்கொண்டவர் யார் என்று சொல்ல வேண்டாம், நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் சொன்னால் போதும், வீட்டில் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும் என்றார். ஒருங்கிணைப்பாளர் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மேலாளர் அன்று வரவில்லை. பதில் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன்.

"யாருக்கும் போகலங்க ஐயா" என்றேன்.

"அப்படின்னா?"

"நேரமாகிடுச்சு. பயன்படாமப் போச்சு."

அவர் ஏன் என்று கேட்டார். டிஸ்க், லாக், பேக்கப் என்று நான் ஆரம்பித்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். ஆகாயத்துக்கும் பூமிக்கும் அளந்து, சிரிக்க வைத்து, புரிய வைத்து அனுப்புவேன். அன்று பாதியில் நிறுத்திவிட்டேன். அவர், "எங்க வீட்டுக்காரி வேணாம்னா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அதன் பின்னர் என் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போனார். காவல் நிலையத்துக்கு அவர் அங்கிருந்துதான் வந்ததாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு வந்து இந்த மேசை மேல் வைத்திருப்பேன்.

அதன் பின்னர் அந்த ரத்த வகைக்கு வேறு கல்லீரல் வரவில்லை. என் தம்பிக்குச் சிறுநீரகமும் நின்றது, நெஞ்சிலும் நீர் கோத்தது. இனி அறுவை சிகிச்சையைத் தாங்க மாட்டான் என்று சர்ஜன் எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிக் கொடுத்தால் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஒருங்கிணைப்பாளர் அம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"நீங்க கொஞ்சம் வெளில போயிட்டு வரீங்களா சித்தப்பா?"

"நீ போடும்மா. சர்வர் ஒழுங்கா வாங்குதான்னு நான்தானே பாக்கணும்."

அவர் போட்டார். சர்வர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. டிஸ்க்கில் இடம் ஏராளமாக இருந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பதிவு நீக்கப்பட்டது என்று திரையில் வந்தது, இரண்டாவதாக இருந்த எண் முதலிடத்துக்கு ஏறியது. அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியாது.

இந்த வாக்குமூலம் கொடுக்கும் இந்நேரம் வரை என் தம்பி உயிரோடு இருக்கிறான்.

நான் சொன்னதை எழுத்தர் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். சிரிப்பாக இருக்கும் இடங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் பேசுவது அப்படித்தான், நடந்ததில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இதில் உள்ளது அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை. நேரில் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொல்லியிருக்கிறேன். சரி என ஏற்று ஒவ்வொரு தாளிலும் கையொப்பம் இட்டேன்.

(ஒப்பம்)
சாட்சி

சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது.

(ஒப்பம்)
ஆய்வாளர்